தோன்றி, காந்தள், கார்த்திகைப் பூ: ஒரு மலரின் பெயர் வரலாறு

வடபுலத்தில் ஐப்பசி மழை விழுந்து நிலம் நனைந்ததும், வேலியோரப் பற்றைகளிலும் பனங்கூடல்களிலும் ஒரு கொடி தலைதூக்கும். அதன் இலை நுனிகள் சுருண்டு நீண்டு, அருகில் நிற்கும் கதியாலையோ முட்செடியையோ பற்றிக்கொண்டு மேலேறும். கார்த்திகை பிறக்கும் வேளையில் அது பூக்கும். தலைகவிழ்ந்து தொங்கும் அந்தப் பூவின் ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்து நிற்கும். மொட்டவிழும்போது பச்சையும் மஞ்சளுமாய் இருப்பவை நாட்செல்லச் செம்மையேறி, ஈற்றில் முழுச் சிவப்பாகும். யாழ்ப்பாணத்தார் இதனைக் கார்த்திகைப் பூ என்பர்.

சங்கப் புலவர் இதற்கு வழங்கிய பெயர் காந்தள். தமிழகத்து விவசாயிக்கு இது கண்வலிக் கிழங்கு. சித்த வைத்தியருக்குக் கலப்பைக் கிழங்கு. வடமொழி மருத்துவ நூல்களில் லாங்கலி. சிங்களவர் நியங்கலா என்பர். மலையாளிகள் மேந்தோன்னி என்பர். தாவரவியலாளர் குளோரியோசா சுப்பர்பா என்று எழுதுவர். செடி ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு பெயரும் அதைச் சூட்டியவர் எங்கே நின்று அந்தச் செடியைப் பார்த்தார் என்பதை நமக்குச் சொல்லிவிடுகின்றது. கவிஞன் பூவைப் பார்த்தான். உழவன் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைப் பார்த்தான். வைத்தியன் அதனுள் இருக்கும் நஞ்சைப் பார்த்தான். கடல் கடந்து வந்த ஐரோப்பியன் தன் நாட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற ஓர் அதிசயத்தைப் பார்த்தான். இந்தப் பெயர்களில் சில வாழ்ந்தன, சில மறைந்தன, சில யாரும் எதிர்பாராத வழியில் உலகைச் சுற்றின. அந்த வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பழந்தமிழ்ப் பெயர்களைப் பார்ப்போம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களின் பட்டியல் ஒன்று வருவதைப் பலரும் அறிவர். அந்த நீண்ட பட்டியலில் முதலாவதாக நிற்பது செங்காந்தள். குறுந்தொகையில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வரும் முதலாம் பாடல், திப்புத்தோளார் பாடியது. போர்க்களத்தைச் செந்நிறமாக்கிய முருகனின் மலையைக் கூறும் அப்பாடல், அம்மலையின் அடையாளமாகக் குருதி நிறத்துக் காந்தளையே காட்டுகின்றது. திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையிற் சூடியிருப்பதும் காந்தட் கண்ணியே. தொல்காப்பியப் புறத்திணையியலில் வேலன் வெறியாடுவதைக் குறிக்கும் துறைக்கே காந்தள் என்பது பெயர். ஆக, இலக்கியத்துள் நுழையும்போதே இப்பூ முருகனோடும் குருதியோடும் மலையோடும் இணைந்தே நுழைகின்றது.

அகப்பாடல்களில் இதற்கு வேறொரு பயன் உண்டு. பெண்களின் விரல்களுக்குக் காந்தள் இதழ் உவமையாயிற்று. படமெடுத்த பாம்புக்கும் அது உவமையாயிற்று. மென்மைக்கும் அச்சத்துக்கும் ஒரே பூ உவமையாக நின்றது என்பது இங்கு நோக்கத்தக்கது. செடியின் இயல்பும் அவ்வாறானதே என்பதைப் பின்னர் பார்ப்போம்.

காந்தள் என்ற சொல்லை எரிதல், ஒளிர்தல் என்னும் பொருளுடைய காந்து என்ற வினையோடு இணைத்துப் பார்ப்போர் உளர். சுடர் போன்ற அதன் தோற்றத்துக்கு இவ்விளக்கம் பொருந்தும். ஆயினும் காந்தளோடு இன்னும் இரு பழம்பெயர்கள் உள்ளன. ஒன்று கோடல், மற்றது தோன்றி. கோடல் என்பதை வெண்காந்தள் என்றும், தோன்றி என்பதைச் செங்காந்தள் என்றும் கொள்வது உரை மரபிலும் நிகண்டு மரபிலும் பொதுவழக்கு. அதே குறிஞ்சிப்பாட்டுப் பட்டியல் செங்காந்தளையும் தோன்றியையும் தனித்தனியே எண்ணுவதால், இரண்டும் ஒன்றா வேறா என்ற கேள்வி அறிஞரிடையே நிலவி வருகின்றது. முல்லைப் பாடல்களில் தோன்றியும் கோடலும் கார்காலம் வந்துவிட்டதற்குச் சான்றாகப் பூக்கும். பிரிந்து சென்ற தலைவன் திரும்புவதாகச் சொன்ன பருவம் அது. பூ மலர்ந்துவிட்டது, அவன் வரவில்லை என்பதே அப்பாடல்களின் துயரம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இலக்கண மரபின்படி கார்காலம் என்பது ஆவணியும் புரட்டாசியும். ஆனால் ஈழத்து வடபுலத்தில் இப்பூ கார்த்திகையிலே மலர்கின்றது. மழை வேறுபாடே இதற்குக் காரணம். இச்செடியின் கிழங்கு வறட்சிக் காலத்தில் மண்ணுக்குள் உறங்கும். மழை கிடைத்த பின்னரே முளைவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலில் தென்மேற்குப் பருவமழை அதனை எழுப்புகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் அதனை எழுப்புவது ஐப்பசியில் வரும் வடகீழ்ப் பருவமழை. எனவே சேரநாட்டுச் சாரலில் கார்காலப் பூவாக இருந்தது, எமது நிலத்தில் கார்த்திகைப் பூவாயிற்று. கார்த்திகைப் பூ என்பது ஏதோ பிற்காலத்து அடைமொழி அன்று. அந்த மண்ணின் மழைக்கணக்கு அப்பெயருக்குள் இருக்கின்றது. கார்த்திகைப் பெண்டிர் வளர்த்த முருகனின் பூ, கார்த்திகை மாதத்திலேயே பூப்பது அதனோடு சேர்ந்த ஓர் அழகிய பொருத்தம்.

இனித் தோன்றி என்ற பெயருக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். தமிழில் அச்சொல் காலப்போக்கில் வழக்கொழிந்தது. இன்று பூவைக் காட்டித் தோன்றி என்று சொல்லும் தமிழரைக் காண்பது அரிது. ஆனால் மலையாளத்தில் அது சாகவில்லை. தமிழில் ன்ற என்று வருவது மலையாளத்தில் ன்ன என்று ஒலிப்பது அவ்விரு மொழிகளுக்கும் இடையிலான நன்கறியப்பட்ட ஒலிமாற்றம். தமிழின் ஒன்று அங்கே ஒன்னு. தமிழின் கன்று அங்கே கன்னு. அவ்வாறே தோன்றி அங்கே தோன்னி. மேந்தோன்னி என்ற மலையாளப் பெயரின் பின்பாதியில் நிற்பது சங்ககாலத்துத் தோன்றியே.

17ஆம் நூற்றாண்டில் இச்சொல் கப்பலேறியது. கொச்சியைக் கைப்பற்றி மலபார்க் கரையில் ஆட்சி நடத்திய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆளுநர் ஹென்றிக் வான் ரீட், அந்நாட்டு மூலிகைகளைத் திரட்டி ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்ற பன்னிரு தொகுதிகள் கொண்ட பெருநூலை உருவாக்கினார். அது 1678 முதல் 1693 வரை அம்ஸ்ரர்டாமில் அச்சாயிற்று. அதற்குச் செடிகளின் பெயரையும் பயனையும் எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். ஏழாம் தொகுதியில் எமது செடியின் பெரிய படம் உண்டு. அதன் மேல் பொறிக்கப்பட்டுள்ள பெயர் மெந்தோனி.

அதே காலத்தில் இலங்கையிலும் ஒரு தாவர அறிஞர் இருந்தார். ஜேர்மனியில் பிறந்து, ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக 1672இல் இங்கு வந்த பவுல் ஹெர்மன் அவர். சுமார் ஏழு ஆண்டுகள் தங்கி இத்தீவின் செடிகளைச் சேகரித்துப் பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1687இல் வெளியான லெய்டன் தோட்டப் பட்டியலில் இச்செடிக்கு அவர் தந்த பெயர் மெத்தோனிக்கா மலபாரோரும். மலபாரிகளின் மெத்தோனிக்கா என்பது பொருள். அன்றைய ஒல்லாந்தர் கேரளக் கரையினரை மட்டுமன்றி இலங்கைத் தமிழரையும் மலபாரிகள் என்றே குறித்தனர் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். தோன்றி, தோன்னி, மெந்தோனி, மெத்தோனிக்கா என்று, ஒரு பழந்தமிழ்ச் சொல் இவ்வாறு இலத்தீன் உடை உடுத்துக்கொண்டு ஐரோப்பிய அறிவுலகில் நுழைந்தது.

அம்ஸ்ரர்டாம் தோட்டத்துக்குப் பொறுப்பாயிருந்த யான் கொம்மலின் இதே செடிக்கு வேறொரு பெயர் வைத்தார். அவர் மறைந்த பின் 1697இல் அச்சான நூலில் அது லீலியும் சீலானிக்கும் சுப்பர்பும் என்று காணப்படுகின்றது. இலங்கையின் உன்னத லில்லி என்று அதனை மொழிபெயர்க்கலாம். ஆக 17ஆம் நூற்றாண்டு முடியும்போது இச்செடிக்கு ஐரோப்பாவில் இரண்டு முகவரிகள் இருந்தன. ஒன்றில் மலபாரிகள் இருந்தனர். மற்றதில் இலங்கை இருந்தது.

அடுத்த நூற்றாண்டில் இரண்டும் அழிக்கப்பட்டன. அழித்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். உலகின் எல்லா உயிர்களுக்கும் இருசொற் பெயர் வழங்கும் முறையை நிலைநிறுத்திய அவர், 1730களில் பெயரிடலுக்கான விதிகளை வகுத்தார். கிரேக்கத்திலோ இலத்தீனிலோ வேர் இல்லாத பேரினப் பெயர்கள் தள்ளப்பட வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அந்த அளவுகோலின்படி மெத்தோனிக்கா ஒரு நாகரிகமற்ற சொல். அதனை நீக்கிவிட்டுப் புகழ் மிக்கது என்னும் பொருள்பட குளோரியோசா என்ற இலத்தீன் சொல்லை அவர் வைத்தார். ஹெர்மன் இலங்கையில் திரட்டிய உலர்செடித் தொகுப்பு பின்னர் அவர் கைக்குக் கிடைத்தது. இலங்கை மண்ணை ஒருபோதும் மிதிக்காமலே அதனைக் கொண்டு 1747இல் புளோரா சீலானிக்கா என்ற நூலை எழுதினார். அங்கும் இச்செடி குளோரியோசாவே. 1753இல் வெளிவந்த அவரது பெருநூலில் கொம்மலினின் நீண்ட பெயரில் இருந்த சுப்பர்பும் என்ற அடைமொழி எஞ்சியது. இடையில் இருந்த சீலானிக்கும் உதிர்ந்தது. குளோரியோசா சுப்பர்பா. புகழ் மிக்கது, உன்னதமானது. பாராட்டு இரட்டிப்பானது. எந்த மண், யாருடைய வாய் என்ற இரண்டு செய்திகளும் போயின.

லின்னேயஸ் தீய எண்ணத்தோடு இதைச் செய்தார் என்று நான் கூறவில்லை. நூற்றுக்கணக்கான மொழிகளில் கிடந்த பெயர்களைப் பொதுமொழி ஒன்றில் ஒழுங்குபடுத்துவதே அவர் எடுத்த பணி. அதனால் உலகம் அடைந்த பயன் பெரிது. அவரது முந்திய குறிப்புகளில் மெந்தோனியையும் மெத்தோனிக்காவையும் மேற்கோளாகப் பதிந்துவைத்ததும் அவரே. ஆனால் ஒழுங்கு என்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை ஒவ்வொரு முறையும் செலுத்துவது ஒரு தரப்பாகவே இருந்தது என்பதைத்தான் குறிப்பிட விரும்புகிறேன். மெத்தோனிக்கா என்ற பெயரைச் சில தாவரவியலாளர் 19ஆம் நூற்றாண்டிலும் கையாண்டனர். எனினும் 1753ஆம் ஆண்டு நூலே பெயர்களின் தொடக்கம் என்று பின்னர் உலகளவில் விதியானபோது, அப்பெயர் வழக்கிழந்த பெயர்களின் பட்டியலுக்குள் ஒதுங்கியது.

நூல்களில் இவ்வாறு நடந்துகொண்டிருக்க, நிலத்தில் வாழ்ந்தவர்களின் பெயர்கள் தம்பாட்டில் வேறு வேலை செய்துகொண்டிருந்தன. மண்ணைக் கிளறினால் இதன் கிழங்கு இரு கிளையாகக் கவைத்து வளைந்து ஏர் போலக் கிடக்கும். எனவே அது கலப்பைக் கிழங்கு. வடமொழியில் லாங்கலம் என்றால் கலப்பை. அதிலிருந்து வந்ததே லாங்கலி. தமிழ் இதனை இலாங்கலி என்று ஏற்றுக்கொண்டது. லாங்கலம் என்ற சொல்லே ஆரிய மொழிக்குப் புறத்திருந்து வந்தது என்று மொழியியலாளர் பலர் கருதுவர். கலப்பையைக் குறிக்கும் தமிழின் நாஞ்சிலோடு அதற்குள்ள உறவும் ஆராயப்பட்டுள்ளது. உழுகருவியின் பெயர் மொழிக்கு மொழி தாவியதுபோல, அதன் வடிவில் கிடந்த கிழங்கின் பெயரும் தாவியது.

கண்வலிக் கிழங்கு என்பது எச்சரிக்கை. இந்தப் பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்பது கிராமத்து நம்பிக்கை. பார்வையால் நோய் வராது என்று நாம் சொல்லலாம். ஆனால் அந்த நம்பிக்கையின் பயன் வேறு. பிள்ளைகள் அதன் பக்கம் போகமாட்டார்கள். வடமொழியில் இதற்குள்ள இன்னொரு பெயர் கருவைச் சிதைப்பது என்று பொருள்படும். ஆயுர்வேதம் இதனை உபவிடங்களுள் ஒன்றாக வைத்துள்ளது. சுத்தி செய்யாமல் எந்த வைத்தியரும் இதனைக் கையாள்வதில்லை.

அந்த அச்சம் நியாயமானதே. இச்செடியின் எல்லாப் பாகங்களிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கொல்சிசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. கருங்கடலின் கீழ்க்கரையில் இருந்த கொல்கிஸ் என்ற பழைய நாட்டின் பெயரால் கொல்சிக்கம் எனப் பெயர்பெற்ற ஐரோப்பியச் செடியிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட பொருள் இது. எமது காந்தளிலும் அதுவே உள்ளது என்று 1915இல் இரசாயன ஆய்வு ஒன்று காட்டியது. லில்லி என்று ஐரோப்பியர் அழைத்த இச்செடியைத் தாவரவியலாளர் இன்று லில்லிக் குடும்பத்தில் வைப்பதில்லை. கொல்சிக்கத்தின் குடும்பத்திலேயே வைக்கின்றனர். உயிரணுப் பிரிவதையே தடுக்கும் இயல்புடையது இந்நஞ்சு. வற்றாளங்கிழங்கு என்று எண்ணி இதனை அவித்து உண்டு இறந்தோர் இலங்கையில் உண்டு. தப்பியவர்களுக்கும் சில நாட்களின் பின் மயிர் உதிரும். இலங்கையில் இக்கிழங்கை உண்ட ஒருவருக்கு உடல் முழுவதும் பெருமளவில் மயிர் உதிர்ந்தமை பற்றிய மருத்துவக் குறிப்பு ஒன்றைப் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை 1966இல் வெளியிட்டது.

அதே கொல்சிசின்தான் அளவறிந்து கொடுத்தால் கீல்வாதத்தின் ஒருவகைக்கு மருந்து. அதற்காகவே தமிழகத்தில் திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் இதனைப் பந்தலிட்டுப் பயிர் செய்கின்றனர். விதையே விலைபோகும் பொருள். பூவின் சூல்தண்டு செங்கோணமாக ஒருபக்கம் வளைந்து விலகி நிற்பதால் மகரந்தம் தானாகச் சேர்வது அரிது. எனவே காலை வேளையில் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைக்கின்றனர். தமிழக அரசின் மாநில மலர்ப் பட்டியலில் அதற்குப் பெயர் செங்காந்தள். அதைப் பயிரிடுபவன் வாயில் கண்வலி. ஒரே மாநிலத்தில் ஒரே செடிக்கு ஓர் ஏட்டுப் பெயரும் ஒரு வயற்பெயரும் அருகருகே நிற்கின்றன.

ஆபிரிக்காவிலும் இச்செடி இயல்பாக வளரும். சிம்பாப்வேயின் தேசிய மலர் இதுவே. அங்கே ஆங்கிலத்தில் சுடர் லில்லி என்பர். அந்நாடு ரொடீசியா என்றிருந்த காலத்தில், 1947இல் அங்கு சென்ற இளவரசி எலிசபெத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளிடம் திரட்டிய காசில் இப்பூவின் வடிவில் வைர அணி ஒன்று வழங்கப்பட்டது. பின்னர் ஆட்சியும் நாட்டின் பெயரும் மாறின. மலர் மாறவில்லை. அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலோ இது வந்தேறிக் களை. மணல்மேடுகளில் பரவி அந்நாட்டுச் செடிகளை நெருக்குவதால் பிடுங்கி எறிகின்றனர்.

எமது நாட்டில் இப்பூவுக்கு நேர்ந்தது உலகெங்கும் வாழும் தமிழர் அறிந்ததே. 1982 நவம்பர் 27இல் இறந்த தமது முதற் போராளியின் நினைவு நாளை, விடுதலைப் புலிகள் 1989 முதல் மாவீரர் நாளாக நினைவுகூர்ந்தனர். கார்த்திகையில் பூக்கும் இம்மலரைத் தமிழீழத்தின் தேசியப் பூவாகவும் அறிவித்தனர். இலங்கை அரசு 1986இல் தேசிய மலராக அறிவித்தது நீலோற்பலத்தை. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின், கார்த்திகைப் பூ ஒரு தரப்பின் கண்ணுக்கு இயக்கச் சின்னமாக மட்டுமே தெரிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது விளக்கோடு வைக்கும் பூவாயிற்று. புலம்பெயர் நாடுகளில் சட்டையிற் குத்தும் சின்னமாயிற்று. ஒரு பூவின் படம் விசாரணைக்குரிய பொருளாகும் நிலையை நாம் கண்டோம்.

இவற்றில் எது சரி என்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சின்னமாகும் எந்தப் பொருளும் தனது மற்றப் பெயர்களை இழக்கத் தொடங்கும். அச்சத்தோடு பார்ப்பவரும் சரி, அன்போடு சூடுபவரும் சரி, இரு சாராரும் இப்பூவில் ஒரே ஒரு பொருளை மட்டும் காண்கின்றனர். கபிலர் பட்டியலின் முதற்பூ என்பது அதில் இல்லை. ஐப்பசி மழையின் கணக்கு அதில் இல்லை. சிங்களக் கிராமத்தான் நியங்கலா என்று சொல்லித் தன் பிள்ளையை எச்சரித்ததும், தமிழ்க் கிராமத்தான் அதே கிழங்குக்கு அஞ்சித் தன் பிள்ளையை எச்சரித்ததும் அதில் இல்லை. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வளரும் எமது பிள்ளை இப்பூவைப் படத்தில் பார்த்தவுடன் அடையாளம் காணும். அதன் கிழங்கு கொல்லும் என்பதை அது அறியுமா? இன்று இக்கிழங்கு அலங்காரச் செடியாக அந்த நாடுகளின் கடைகளிலும் விற்பனைக்கு உள்ளது. கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்ற பெயர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு எச்சரிக்கைச் சீட்டுத் தேவைப்படவில்லை. பெயரே எச்சரிக்கையாக இருந்தது.

பெயர்கள் அழிவதற்கு லின்னேயஸ் போன்ற ஒருவர் விதி வகுக்கத்தான் வேண்டும் என்பதில்லை. பயன்படுத்தாமல் விட்டாலே போதும். தோன்றி என்ற சொல்லை எவரும் எம்மிடமிருந்து பறிக்கவில்லை. நாமே கைவிட்டோம். மலையாளி தன் நாவில் வைத்திருந்ததால், ஒரு வைத்தியர் அதனை ஒல்லாந்தருக்குச் சொல்ல முடிந்தது, ஒல்லாந்தர் அதனை அச்சில் ஏற்ற முடிந்தது, மூன்றேகால் நூற்றாண்டுக்குப் பின்னும் நாம் அதனைத் தேடிப்பிடிக்க முடிகின்றது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ ஊரிலோ உள்ள மூத்தோரிடம் இந்தப் பூவின் படத்தைக் காட்டி, அவர்கள் இளமையில் அதனை என்ன பெயரால் அழைத்தார்கள், கிழங்கைப் பற்றி என்ன சொல்லி வளர்க்கப்பட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். வன்னிக்கு ஒரு பெயர் இருக்கலாம், மட்டக்களப்புக்கு ஒரு பெயர் இருக்கலாம், மலைநாட்டுக்கு ஒரு பெயர் இருக்கலாம். அவை அகராதியில் இல்லாதவையாக இருந்தால் இன்னும் நல்லது. அகராதியில் உள்ளவற்றுக்கு ஏற்கெனவே ஒரு காவல் உண்டு. மற்றவற்றுக்கு உங்கள் கையெழுத்தைத் தவிர வேறு காவல் இல்லை.